மூன்று உயிர், ஒரே ஒரு கட்டை விரல்!



ஆறு மாதம் அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்து சான் ஹோசே நகரில், மகள் வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். "அந்த ஊர்ச் சமையலறையைப் பற்றி எழுதினீர்கள், அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் எழுதக் காணோமே!" என்று வாசகிகள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். எழுதாததற்குக் காரணம் உண்டு. வீட்டில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி எப்படி எழுதுவது? இப்போது ஓய்ந்துவிட்டது. எழுதுகிறேன்.

சண்டை என் மகளுக்கும் அவள் பிள்ளைக்கும்தான். அவனுக்கு 15 வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை ஒரு மூலையில் வீசுவான். ஷூவைக்கூடக் கழற்றாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவான். இரண்டு கையாலும் பிடிக்கிற ஒரு கன்ட்ரோலர். அதில் பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள். படபடவென்று அழுத்துகிற சத்தம் அடுப்பங்கரை வரை கேட்கும்.

"ஆஃப் பண்ணுடா!"

"இதோ... ஒரே ஒரு மேட்ச்மா!"

அந்த ஒரே ஒரு மேட்ச் ராத்திரிச் சாப்பாடு வரை நீளும். மகள் என்னிடம் வந்து, "நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? பாட்டி சொன்னா கேப்பான்" என்றாள்.

"அது என்னன்னே தெரியாம நான் எப்படி வேண்டாம்னு சொல்றது? முதல்ல பார்க்கறேன், அப்புறம் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் ஒரு கிண்ணம் முறுக்கை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்ட வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தான். "எனக்கும் சொல்லிக் கொடேன்" என்றதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

விளையாட்டின் பெயர் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்'. பிள்ளைகள் சுருக்கமாக 'ஸ்மாஷ்' என்கிறார்கள். ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனிக்காக மசாஹிரோ சகுராய் என்பவர் உருவாக்கியது. முதல் ஆட்டம் வந்தது 1999-ல். அப்போது அதில் 12 பேர்தான் மோதினார்கள். மீசைக்காரக் குழாய் ரிப்பேர்காரர் மரியோ, மஞ்சள் பிகாச்சு, டாங்கி காங் என்ற குரங்கு... ஆளுக்கு ஒரு தனி விளையாட்டில் கதாநாயகனாக இருந்தவர்களையெல்லாம் ஒரே மேடையில் இறக்கிவிட்டார். பிறகு மற்ற கம்பெனிகளின் நாயகர்களும் வந்து சேர்ந்தார்கள். 2018 டிசம்பரில் வந்த 'அல்டிமேட்' என்கிற ஆட்டத்தில் மொத்தம் 89 பேர்! நம் ஊரில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்தது 'கூண்டுக்கிளி' (1954) என்ற ஒரே ஒரு படத்தில்தான். இங்கேயோ போட்டிக் கம்பெனிகளின் கதாநாயகர்கள் எல்லாரும் ஒரே படத்தில்! பிள்ளைகள் ஏன் சொக்கிப்போகிறார்கள் என்று புரிகிறதல்லவா?

இன்னொரு சமாசாரம் உங்களுக்குப் பிடிக்கும். இந்த ஆட்டத்தின் பிற்காலப் பதிப்புகளில், ஆளைத் தேர்ந்தெடுக்கும் பக்கம், பட்டியல் பக்கம் இவற்றையெல்லாம் வடிவமைத்ததில் பெரும் பங்கு சகுராயின் மனைவி மிச்சிகோவுக்கு. கணவன் கட்டிய வீட்டுக்கு வாசலும் ஜன்னலும் வைத்தவர் அவர்.

சண்டை என்றாலும் ரத்தம் கிடையாது, கழுத்தை அறுப்பது கிடையாது. 'அல்டிமேட்'டுக்கு அமெரிக்காவில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆடலாம் என்றே முத்திரை கொடுத்திருக்கிறார்கள். எதிராளியைக் கொல்ல வேண்டியதில்லை. மேடையை விட்டு வெளியே தள்ளினால் போதும். அடி வாங்க வாங்க ஆளின் கீழே ஒரு சதவிகிதக் கணக்கு ஏறுகிறது. கணக்கு குறைவாக இருக்கும்போது எத்தனை பலமாக அடித்தாலும் கொஞ்சம்தான் நகர்வார். நூறைத் தாண்டிவிட்டால் லேசாகத் தட்டினாலும் ஆகாசத்தில் பறந்துவிடுவார்.

"அடடே, இது நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கே!" என்றேன். நாத்தனார் சொல்லும் முதல் குத்தல் பேச்சு நம்மை ஒன்றும் செய்வதில்லை. அது உள்ளே ஏறிக்கொண்டே போகும். நூறாவது நாள், "காப்பியில சர்க்கரை கம்மி" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம்! பேரன் சிரித்த சிரிப்பில் முறுக்கு புரையேறிவிட்டது.

அடுத்த வாரம் அவன் என்னை ஒரு போட்டிக்கே அழைத்துப் போனான். மகள் வர மறுத்துவிட்டாள். மாப்பிள்ளைதான் காரோட்டினார். விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடை. பின்பக்கம் ஒரு ஹால். நுழைந்ததுமே எனக்கு ஆச்சரியம். ஒரு பக்கம் வரிசையாக டியூப் டி.வி. பெட்டிகள்! நாம் எப்போதோ பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்ட அதே முதுகு பெருத்த பெட்டிகள்.

"இது எதுக்குடா இன்னும்?"

"மெலீ ஆடறவங்களுக்கு, பாட்டி" என்றான். 'மெலீ' என்பது 2001-ல் வந்த பதிப்பு. அதற்குப் பிறகு எத்தனையோ வந்தும் அதையே விடாமல் ஆடும் கூட்டம் இருக்கிறது. அதில் படம் விநாடிக்கு 60 தடவை மாறுகிறது. ஒன்றிரண்டு படத்துக்குள் அடுத்த பொத்தானை அழுத்தினால்தான் சில வித்தைகள் பலிக்கும். புது மாதிரித் தட்டை டி.வி. பலவற்றில், பொத்தானை அழுத்துவதற்கும் ஆள் நகர்வதற்கும் நடுவே ஒரு இமைப்பொழுது தாமதம் வந்துவிடுமாம். டியூப் பெட்டியில் அது கிடையாது. அதனால்தான் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துத் தூக்கி வருகிறார்கள்.

வீட்டில் ஆடுவதற்கும் போட்டிக்கும் நிறைய வித்தியாசம். போட்டியில் வெடிகுண்டு, சுத்தியல் என்று வானத்திலிருந்து விழும் அதிர்ஷ்டச் சாமான்களை நிறுத்திவிடுகிறார்கள். விசித்திர மேடைகளையும் ஒதுக்கிவிடுகிறார்கள். அதிர்ஷ்டம் வேண்டாம், திறமை போதும் என்பதுதான் கணக்கு. 'அல்டிமேட்'டில் ஆளுக்கு மூன்று உயிர். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தவருக்கு வெற்றி. ஒரு தடவை தோற்றால் வீட்டுக்கு அனுப்புவதில்லை. தோற்றவர்களுக்கென்று தனி வரிசை இருக்கிறது. அதில் இறங்கி, மறுபடி ஒவ்வொருவராக ஜெயித்து மேலே வரலாம். இரண்டாவது தோல்விதான் கடைசி. லாஸ் வேகாஸில் 'ஈவோ' என்ற பெரிய திருவிழாப் போட்டி நடக்கும். 2016-ல் அங்கே 'மெலீ' ஆட 2,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். ரசாயன எஞ்சினீரிங் படித்த ஹுவான் டெபியெட்மா அப்படித் தோற்றவர் வரிசையிலிருந்து ஏறி வந்துதான் பட்டம் வாங்கினார். அவர் ஆடுவது ஜிக்ளிபஃப்பை வைத்து. பூரி உப்பினதுபோல் ரோஸ் நிறத்தில் ஒரு உருண்டை. பாட்டுப் பாடி எதிராளியைத் தூங்க வைப்பது அதன் வித்தைகளில் ஒன்று!

ஒருமுறை தோற்றாலும் வழி இருக்கிறது என்று சொல்லித்தருகிற ஆட்டத்தை எப்படி முழுக்க வெறுப்பது? நம் பரீட்சைகளில்கூட இவ்வளவு கருணை கிடையாதே!

அன்று என் கண்ணில் பட்டது இன்னும் ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்து ஆடுகிறார்கள். முடிந்ததும் முஷ்டியோடு முஷ்டி தட்டிக்கொள்கிறார்கள். தோற்றவன் ஜெயித்தவனிடமே, "நான் எங்கே தப்புப் பண்ணினேன்?" என்று கேட்கிறான். அவனும் மறைக்காமல் சொல்கிறான். 'தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு கெட்டுப்போகிறார்கள்' என்று நான் கற்பனை பண்ணி வைத்திருந்த படம் வேறு.

திரும்பும் வழியில் காரில், "எல்லாம் சரிடா, இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டேன். அவன் சொன்ன பதிலைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

2013-ல் ஈவோ போட்டியில் ஏழு விளையாட்டுகளை அறிவித்துவிட்டு, எட்டாவது எது என்பதை ரசிகர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டார்களாம். சீட்டுப் போட்டு அல்ல, காசு போட்டு. எந்த விளையாட்டின் பேரில் அதிக நன்கொடை சேருகிறதோ, அதற்கு இடம். சேரும் பணம் முழுக்க மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்கு. 'மெலீ' பிள்ளைகள் மட்டும் 94,000 டாலருக்கு மேல் சேர்த்து முதலிடம் பிடித்தார்கள். எல்லா விளையாட்டு ரசிகர்களும் சேர்த்துக் கொடுத்தது 2,25,000 டாலருக்கு மேல். அந்த வருஷம் ஜூலையில், 'மெலீ' ஆட்டத்தை இன்டர்நெட்டில் ஒளிபரப்பக் கூடாது என்று முதலில் நின்டெண்டோ சொன்னது. ரசிகர்கள் போட்ட கூச்சலில் உடனேயே மனம் மாறி அனுமதித்துவிட்டது.

நான் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் தங்கையை அந்த வியாதிக்குப் பறிகொடுத்தவள் நான். மார்பில் தட்டுப்பட்ட கட்டியை ஏழு மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்தாள். சொன்னால் என்ன சொல்வார்களோ என்ற பயம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. முகம் தெரியாத விடலைப் பிள்ளைகள், தங்கள் விளையாட்டுக்கு ஒரு இடம் வேண்டும் என்பதற்காகவே ஆகட்டும், அந்த நோய்க்கு எதிராக ஒரு கை கொடுத்திருக்கிறார்கள்.

மறைப்பது என்ற அந்த வழக்கம் எங்கள் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. பத்து நாள் கழித்துத்தான் அது எனக்குத் தெரிந்தது.

ஒரு காலை, ஊறுகாய் பாட்டிலைத் திறக்கச் சொல்லிப் பேரனிடம் கொடுத்தேன். இரண்டு தடவை முயன்றுவிட்டு, "இறுக்கமா இருக்கு பாட்டி" என்று வைத்துவிட்டான். அறுபத்தெட்டு வயதுக் கிழவி நான், லேசாகத் திருகினேன், திறந்துவிட்டது. அப்போதுதான் யோசித்தேன். கொஞ்ச நாளாகவே தம்ளரை இடது கையால் அல்லவா பிடிக்கிறான்?

"கையை நீட்டு. கட்டை விரலை உள்ளே மடக்கி, மத்த விரலால மூடிக்கோ. அப்படியே மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கமா மெதுவா சாய்."

"ஆ!" என்று கையை இழுத்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"ஏன்டா சொல்லலை?"

"சொன்னா அம்மா ஸ்விட்ச்சைப் பிடுங்கிடுவாங்க, பாட்டி." (ஸ்விட்ச் என்பது அந்த விளையாட்டுப் பெட்டியின் பெயர்.)

பின்னால் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்லக்கூட பயமாடா உனக்கு?" என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

இந்தப் பரீட்சை எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எனக்கே வந்ததுதான். குழந்தை மூன்று மாதமாக இருக்கும்போது, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி, கட்டை விரல் அடியில் அப்படி ஒரு வலி. 'வாயு' என்று மாமியார் தைலம் தேய்த்தார். ரொம்ப நாள் கழித்து ஒரு டாக்டரம்மாதான் இதே சோதனை பண்ணிப் பார்த்து, "பிள்ளை பெற்றவர்களுக்கு வருவதுதான்" என்றார். அன்று நான் தூக்கிய குழந்தைதான் இப்போது எதிரே கண்கலங்கி உட்கார்ந்திருந்தது!

டாக்டரும் அதையே உறுதி செய்தார். 'டி குவெர்வெய்ன்' என்று பெயர். ஸ்விட்சர்லாந்து சர்ஜன் ஒருவர் 1895-ல் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. பாவாடைப் பட்டியில் நாடா ஓடுகிறதல்லவா? அதுபோல, கட்டை விரலை இழுக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஓயாமல் ஒரே மாதிரி இழுத்தால் உறை தடித்து, நாடா சிக்குவதுபோல் உராயும். அதுதான் வலி. ஆரம்பத்திலேயே கவனித்தால் ஓய்வு, ஐஸ் ஒத்தடம், கட்டை விரலை அசையாமல் பிடிக்கும் பட்டை ஆகியவற்றிலேயே பெரும்பாலும் குணமாகும். முற்றினால் ஊசி. சிலருக்கு ஆபரேஷன்கூட.

இதில் வேடிக்கை, ஆட்டத்தைப் படைத்த சகுராயே தப்பவில்லை. அடுத்த பதிப்பைத் தயாரித்துக்கொண்டிருந்த 2013-ல், வலது கையில் தசைநாணில் சுண்ணாம்புச் சத்து படிந்து வீங்கும் கோளாறு வந்திருப்பதாக அவரே எழுதினார். இதைச் சொன்னதும்தான் பேரன் பட்டையை மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டான்! மகள் பெட்டியைப் பிடுங்கவும் இல்லை. "நாலு வாரம் கைக்கு லீவு. அப்புறம் நீயும் நானுமா உட்கார்ந்து நேரம் போட்டுக்கலாம்" என்றாள்.

கை தேறிவரும்போது இன்னொரு விஷயம் வந்தது. வெளியூரில் பெரிய போட்டி; சிநேகிதர்களோடு ஹோட்டல் அறையில் தங்கிப் போகட்டுமா என்று கேட்டான். இங்கே மகள் அசையவில்லை. அது சரி என்றுதான் நானும் சொன்னேன். 2020 ஜூலையில் இந்த ஆட்டத்தின் வட்டாரத்தில் பெயர் பெற்றவர்கள் சிலர் மீது, வயது வராத பிள்ளைகளிடமும் பெண்களிடமும் முறைகேடாக நடந்ததாகப் புகார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நின்டெண்டோ கம்பெனியே கண்டித்து அறிக்கை விட்டது. பெரியவர்களும் சிறுவர்களும் கலந்து பழகி, ஒரே அறையில் தங்குகிற வழக்கமே பல தவறுகளுக்கு இடம் கொடுத்துவிட்டது. "போகலாம். ஆனா அப்பா கூட வருவார், தனி அறை" என்றாள் மகள். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். அவன் முணுமுணுத்தான், ஆனால் ஒப்புக்கொண்டான்.

நம் வீடுகளிலும் இப்போது ஏதாவது ஒரு கன்ட்ரோலரோ செல்ஃபோனோ குழந்தை கையில் இருக்கத்தான் செய்கிறது. ஆகவே, என் அனுபவத்திலிருந்து சில யோசனைகள்:

1. தடை போடுவதற்கு முன் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். என்ன விளையாட்டு, எந்த வயதுக்கு உரியது, எதிரே ஆடுவது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2. "உடனே நிறுத்து" என்பதைவிட "இந்த ஆட்டம் முடிந்ததும் நிறுத்து" என்பது நடக்கும். ஸ்மாஷ் போட்டி ஆட்டத்துக்கு ஏழு நிமிஷம்தான் உச்சவரம்பு. அந்த ஏழு நிமிஷத்தைக் கொடுங்கள். எட்டாவது நிமிஷத்தைக் கொடுக்காதீர்கள்.

3. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறி, விரல்களை விரித்து மடக்கி, தூரத்தில் எதையாவது பார்க்கச் சொல்லுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஆட்டம் முடியட்டும்.

4. கட்டை விரல் அடியில் வலி, பிடி தளர்வது, ராத்திரியில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது... இவற்றில் எது வந்தாலும் தைலத்தோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கைக்குழந்தைக்காரிகளே, தையல் மெஷின்காரிகளே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்!

5. எல்லாவற்றையும்விட முக்கியம்: உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்ற நம்பிக்கையைக் குழந்தைக்குக் கொடுங்கள். பிடுங்குகிற கைக்குப் பயந்து வலியை மறைத்தால், நஷ்டம் நமக்குத்தான். ஏழு மாதம் மறைத்த ஒருத்தியை நான் அறிவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் ஃபோன் பண்ணினான். பட்டையைக் கழற்றியாகிவிட்டது. முதல் தடவையாக அதே கடைப் போட்டிக்குப் போனானாம்.

"ஜெயிச்சியாடா?"

"இல்ல பாட்டி. ரெண்டு மேட்ச், ரெண்டுலயும் தோல்வி. அரை மணி நேரத்துல வெளியே வந்துட்டேன்."

குரலில் வருத்தமே இல்லை. காரணத்தை அவனே சொன்னான்: "அம்மா பக்கத்துல உட்கார்ந்து பார்த்தாங்க, பாட்டி. கடைசி உயிர் போனப்ப என்னைவிட அவங்கதான் ஜாஸ்தி கத்தினாங்க!"

ஆட்டத்தில் மூன்று உயிர் கொடுக்கிறார்கள். அம்மாவும் கட்டை விரலும் ஒன்றே ஒன்றுதான். இரண்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போமா?